ட்ரிப்ஸ் எண்ணின ராத்திரி

கேள்வி: நான் சிறுகதை எழுதறவ. ஏழு மாசமா ஒரு வரி கூட வரல. எங்கயாவது தனியா போய் எழுதலாம்னு லீவெல்லாம் சேர்த்து வச்சிருந்தேன், கிளம்பற நேரம் பார்த்து அம்மாவுக்கு உடம்பு முடியாம போயிருச்சு. மூணு வாரம் ஆஸ்பத்திரிதான். இப்ப அம்மா நல்லா இருக்காங்க. ஆனா லீவு மொத்தமும் போச்சு, ராத்திரில தூக்கம் வராம ட்ரிப்ஸ் சொட்டறத எண்ணிட்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். இனி இன்ஸ்பிரேஷனுக்கு எங்க போறது?

பதில்: முதல்ல அம்மா தேறி வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம். உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன், மூணு தடவையும் அந்த ட்ரிப்ஸ் வரிலதான் நின்னேன். போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்க, ஆனா மொத்த லெட்டர்லயும் எனக்குக் கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

ஜார்ஜ் டி மெஸ்ட்ரால்னு ஒரு சுவிஸ் எஞ்சினியர், 1941ல நாயோட வேட்டைக்குப் போயிட்டு வர்றார், டிரெஸ்லயும் நாய் முடியிலயும் ஒட்டுமுள்ளு அப்பிக்கிட்டு இருக்கு. எல்லாரும் என்ன பண்ணுவோம், எரிச்சலோட பிச்சு எறிவோம். அவர் ஒண்ண எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தார், முனையெல்லாம் குட்டிக் குட்டி கொக்கியா வளைஞ்சிருந்துச்சு. பைலயும் செருப்புலயும் சர்ருனு பிரிக்கறோமே வெல்க்ரோ, அது அங்க ஆரம்பிச்சதுதான். ஆனா அன்னிக்கே ஆயிடல, பேட்டன்ட் வாங்கறதுக்குள்ள பத்து வருஷத்துக்கு மேல ஓடிருச்சு. காட்டுக்குப் போனவங்க எல்லார் மேலயும்தான் முள்ளு ஒட்டுச்சு, எறியறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பார்த்தவர் அவர்.

அதுக்காக கஷ்டம் வந்தாதான் கலை வரும்னு நான் சொல்லவே மாட்டேன், அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்காது. ஓவியர் மத்தீஸுக்கு அதே 1941ல வயித்துல பெரிய ஆபரேஷன், அதுக்கப்புறம் பெரும்பாலும் படுக்கை, வீல்சேர்னு ஆயிருச்சு, முன்ன மாதிரி நின்னு வரைய முடியல. உதவிக்கு இருந்தவங்க பேப்பர்ல கலர் அடிச்சுக் குடுக்க, அவர் கத்திரிய எடுத்து அத வெட்டி ஒட்டிப் படம் பண்ண ஆரம்பிச்சார், முன்னாடியே அப்பப்ப தொட்டுப் பார்த்த வேலைதான் அது, 1954ல சாகற வரைக்கும் அதுல அவ்ளோ பண்ணிட்டார். நோய் ஒண்ணும் அவருக்குப் பாடம் எடுக்கல, கைக்கு எட்டுன தூரத்துல என்ன இருக்குன்னு அவர் பார்த்தார்.

என் விஷயத்துல ஒண்ணு சொல்றேன். ஒரு தடவ ரயில தவற விட்டுட்டு, அடுத்த வண்டிக்கு நாலு மணி நேரம் பிளாட்ஃபாரத்துல உட்கார்ந்திருந்தேன், அவ்ளோ ஆத்திரம். பக்கத்து பெஞ்சுல ஒருத்தர் போன காதுல வச்சு பேசிட்டே இருந்தார், அப்புறம்தான் கவனிச்சேன், அவர் யாருக்கும் கால் பண்ணல. "ஒண்ணும் பயப்படாத, நான் வந்துட்டே இருக்கேன்"னு ஒரே வரிய மெதுவா ஒரு தடவ, கொஞ்சம் சிரிச்ச மாதிரி ஒரு தடவ, திரும்பவும் மெதுவா. ஒத்திகை பார்த்துட்டு இருந்தார். டிக்கெட் பின்னாடி அந்த ஒரு வரிய மட்டும் எழுதி வச்சேன், ரெண்டு வருஷம் கழிச்சு அது கதையாச்சு, நான் திட்டம் போட்டு எழுதுனது எதுலயும் அந்த உயிர் இல்ல.

எழுதி வைக்கறது ரொம்ப முக்கியங்க, அன்னன்னிக்கே. ரெண்டு நாள் போனா "ஆஸ்பத்திரியில ரொம்ப கஷ்டமா இருந்துச்சு"ங்கற பொது வரிதான் மிஞ்சும், சத்தம், வாசனை, பக்கத்து பெட்காரங்க சொன்ன வார்த்தை எல்லாம் கரைஞ்சு போயிரும். உங்களுக்கு இன்னும் கரையலன்னு நினைக்கிறேன். கதையா எழுத வேண்டாம், அம்மா வலிய இப்பவே கதையாக்கறது மனசுக்கு உறுத்துச்சுன்னா தொடவே வேண்டாம், அது நியாயம்தான். வெறும் குறிப்பா போடுங்க.

இன்னிக்கு ராத்திரியே ஒரு நோட்ட எடுங்க. எத்தனாவது சொட்டு வரைக்கும் எண்ணுனீங்க, எதனால எண்ணிக்கை விட்டுப் போச்சு, அம்மா அசைஞ்சாங்களா, நர்ஸ் வந்தாங்களா? அங்கிருந்து எழுதுங்க.