1,74,000 கி.மீ ஓடிய காருக்கு 38,000 ரூபாய் செலவழிக்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் இருக்கிறேன், அம்பத்தூரில் வேலை. 2014-ல் வாங்கிய டீசல் செடான், 1,74,000 கி.மீ ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று நாலு விநாடி இன்ஜினில் ‘கடகட’ என்று சத்தம் வருகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. டைமிங் செயின் (இன்ஜினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்கும் சங்கிலி), அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் என்ற பற்சக்கரம் எல்லாம் மாற்ற 38,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். டென்ஷனர் மட்டும் என்றால் 19,000. விட்டுவைத்து செயின் பற்சக்கரத்தில் பல் தாவினால் ஒரு லட்சத்துக்கு மேல் போகும் என்கிறார். இன்று விற்றால் 2,25,000 கிடைக்கும். “இதுல காசைக் கொட்டாதீங்க, அதோட நாலு லட்சம் லோன் போட்டு வேற நல்ல வண்டி எடுத்துடலாம்” என்கிறார் மனைவி. எஃப்.டி. 1,80,000 இருக்கிறது. ஜூனில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் 90,000 கட்ட வேண்டும். என்ன செய்வது சார்?

பதில்: உங்கள் மனைவியின் கோபம் எனக்குப் புரிகிறது. இரண்டேகால் லட்சம் பெறும் வண்டிக்கு 38,000 என்றால் விலையில் ஆறில் ஒரு பங்கு. கேட்டவுடன் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் ரிப்பேர் செலவைக் காரின் விலையோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அந்தக் காரை ஓட்டாவிட்டால் வேறு எதை ஓட்டுவீர்கள், அதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

பழைய கார் லோனுக்கு 14 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். நாலு லட்சம், நாலு வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,930 ரூபாய். வட்டி மட்டுமே ஒன்றேகால் லட்சம் போகும். இந்தப் பக்கம் 38,000 ரூபாயை மூன்று வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 1,055. கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் என்று வருடத்துக்கு இன்னொரு 40,000 தாராளமாகச் சேர்த்தாலும் மாதம் 4,400-ஐத் தாண்டாது. உங்கள் காரின் விலையும் குறையுமே என்பீர்கள். குறையும், ஆனால் ஆறு லட்சத்து வண்டி அதைவிட அதிகமாகக் குறையும்.

இன்னொன்று, சென்னையில் ஆறு லட்சத்துக்குப் பழைய வண்டி தேடும்போது அது 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கே நின்றது என்று விற்பவர் சொல்ல மாட்டார். வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஏற்றி நிறுத்திய வண்டியா, கீழே தண்ணீரில் ஊறிய வண்டியா என்பது பாலிஷ் போட்ட பிறகு தெரியாது. உங்கள் காரில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்றாவது உங்களுக்குத் தெரியும்.

அதற்காக உடனே 38,000 கொடுத்துவிடாதீர்கள். கிலோமீட்டரைக் காட்டி “ஒன்றேமுக்கால் லட்சம் ஆகிவிட்டது, மாற்றிவிடுங்கள்” என்று மெக்கானிக் சொன்னால் அது மட்டும் போதாது. சில கார்களில் செயினுக்குப் பதிலாக இருக்கும் டைமிங் பெல்ட்டுக்கு இத்தனை கி.மீ-க்கு ஒருமுறை மாற்றவும் என்று கையேட்டிலேயே இருக்கும். செயினுக்குப் பெரும்பாலும் அப்படிக் கணக்கு கிடையாது. ஆயிலை ஒழுங்காக மாற்றிய இன்ஜினில் இதைவிட அதிக தூரமும் தாங்கும். தள்ளித் தள்ளிப் போட்ட இன்ஜினில் முன்னாலேயே தேயும்.

உங்கள் விஷயத்தில் சத்தம் இருக்கிறது, அதுதான் முக்கியம். டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் செயினை இழுத்துப் பிடிக்கிறது. ராத்திரி முழுக்க வண்டி நின்றால் ஆயில் கீழே வடிந்துவிடும். காலையில் அழுத்தம் ஏறும் வரை, தளர்ந்த செயின் பிளாஸ்டிக் கைடில் அடித்துக்கொள்கிறது. மூன்று விநாடியில் அழுத்தம் வந்ததும் அடங்குகிறது. அடங்கியதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதே சமயம் செயின் நன்றாக இருந்து டென்ஷனர் மட்டும் சோர்ந்துபோயிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அதனால் முதலில் இரண்டு மூவாயிரம் செலவழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் போட்டு, செயின் இணைக்கும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டும் ஒத்துப்போகிறதா, ஆயில் சம்ப்பை, அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றினால் பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறதா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் குறைந்திருந்தாலோ, நீலப் புகை வந்தாலோ, டர்போவில் ஆயில் கசிந்தாலோ நான் மேலே சொன்ன கணக்கு எடுபடாது. அப்போது உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

எனக்கே இது நடந்திருக்கிறது. கணக்குப் போடுவதே என் பிழைப்பு, ஆனாலும் என் பழைய காருக்கு மெக்கானிக் சொன்ன 30,000-ஐ ஒன்பது மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் காலை கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் நின்றது. பின்னால் பஸ் ஹாரன். செயின் அறுந்திருக்கவில்லை, இரண்டு பல் தாவியிருந்தது. பிஸ்டன் வால்வுகளை முட்டி வளைத்து, ஹெட்டைக் கழற்றி, 94,000 பில். அப்புறம் கே.கே. நகர் கடையில் அந்த மெக்கானிக் பழைய செயினையும் புதிய செயினையும் ஒரே ஸ்க்ரூடிரைவரில் தொங்கவிட்டுக் காட்டினார். பழையது கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, விரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. ஒவ்வொரு கண்ணியையும் இணைக்கும் ஊசி துளித்துளியாகத் தேய்ந்து சேர்ந்த நீளம் அது. சம்ப்பில் புளியங்கொட்டை நிறத்தில் கைடு துண்டுகள். இன்ஷூரன்ஸில் கேட்டுப் பார்த்தேன். தேய்மானத்துக்கு மோட்டார் பாலிசி பணம் தராது. ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்று நாம் கூடுதலாகக் கட்டுவதும் தண்ணீர் புகுவது போன்றவற்றுக்குத்தான்.

டென்ஷனர் மட்டும் 19,000-க்கு மாற்றுவது பற்றி: சோதனையில் செயின் நன்றாக இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். இந்த வேலையில் பெரிய பங்கு முன்பக்க கவரைத் திறந்து மூடும் லேபர்தான். அடுத்த வருடம் செயினுக்காக மறுபடி திறந்தால் அதே லேபரை இரண்டாம் முறை கொடுப்பீர்கள். திறந்திருக்கும்போதே முன்பக்க ஆயில் சீலையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

எஸ்டிமேட்டில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தால் கொஞ்சம் இறங்கும். ஜி.பி. ரோட்டில் பில்லோடு புது கிட் வாங்கிக் கொடுப்பதென்றால் சரி. புதுப்பேட்டையில் கழற்றிய பழைய செயின் வேண்டவே வேண்டாம். கதவு, கண்ணாடிக்குப் புதுப்பேட்டை நல்ல இடம், இதற்கு அல்ல.

பணம் எங்கிருந்து? கல்லூரிக் கட்டணம் 90,000-ஐத் தொடாதீர்கள். மீதி 90,000-ல் 40,000 எடுத்தால் கையில் 50,000 நிற்கும். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் முடியும். முன்கூட்டியே எஃப்.டி.யை உடைத்தால் வங்கிகள் வழக்கமாக வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் குறைக்கும். 40,000-க்கு அது வருடத்துக்கு 200 முதல் 400 ரூபாய். அதற்குப் பயந்து கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மாதம் மூன்றரை சதவீத வட்டி கட்டுபவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை வந்துவிடும் என்று யாராவது சொன்னால், அந்த விதி டெல்லி வட்டாரத்துக்கானது. உங்கள் ஆர்.சி. 2029 வரை செல்லும். அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டி, புதுப்பிக்கும் கட்டணம் 5,000 கட்டி, இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். ஆக, குறைந்தது 2029 வரை ஓட்டுவதாக இருந்தால் செயினை மாற்றுங்கள். ஆறு மாதத்தில் எப்படியும் விற்கப்போகிறீர்கள் என்றால் இப்போதே விற்றுவிடுங்கள், செயின் சத்தத்தையும் வாங்குபவரிடம் சொல்லி 30,000 குறைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்கி விற்கும் வழியை யாராவது சொல்லித் தந்தால் கேட்காதீர்கள்.

வேலை கொடுக்கும் முன் வேறொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். காரை சனிக்கிழமை சாயங்காலமே அவர் கடையில் விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் இன்ஜின் சூடாக இருக்கும், அவருக்கு ஒன்றும் கேட்காது. திங்கள் காலை முதல் ஸ்டார்ட்டின்போது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.