காமென்ட்ஸை விட்டு ட்ரோன் வாங்கலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சியில் காமென்ட்ஸில், அதாவது உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில், ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். வயது 34, அடிப்படைச் சம்பளம் 38,000 ரூபா. கலியாணமாகிப் பதினொரு வருடம், மகள் நாலாம் ஆண்டு படிக்கிறாள். இந்த வருடம் பொக்கற் தைக்கிற தானியங்கி மெசின் வந்தது. முந்தி நாலு பேர் செய்த வேலைக்கு இப்போது ஒருத்தி துணியை வைத்துக் கொடுத்தால் போதும். இனி ரோபோ வந்து எல்லோரையும் அனுப்பிவிடும் என்று கதைக்கிறார்கள். என் கணவர், "அவங்கள் அனுப்ப முந்தி நீயே விட்டிட்டு வா, வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் வாங்குவம்" என்கிறார். விலை 45 இலட்சம். என் சேமலாப நிதியும் நகையும் சேர்த்து 12 இலட்சம், மிச்சம் 33 இலட்சம் நாலு வருட லீசிங். ஒரு நாளைக்கு 40 ஏக்கர் அடிக்கலாம், ஏக்கருக்கு 1,500 ரூபா என்பது அவருடைய கணக்கு. 50,000 முற்பணமும் கட்டிவிட்டார். என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் அதைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

வேலையை விட்டவுடன் சேமலாப நிதி கைக்கு வராது. பெண்களுக்கு அது 50 வயதில்தான். கலியாணத்துக்காக வேலையை விடுகிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது, ஆனால் பதினொரு வருடம் கழித்து அது உங்களுக்குப் பொருந்தாது. பத்து வருடம் கட்டி, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருந்தால் 30 சதவீதத்தை எடுக்கலாம். அதுவும் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோதான், ட்ரோனுக்கு இல்லை. ஆக, உங்கள் கணவர் கணக்குப் போட்ட 12 இலட்சத்தில் ஒரு துண்டு இப்போதே விழுந்துவிட்டது.

நீங்களாக விட்டால் கிடைப்பது பணிக்கொடை. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று ஒன்பது வருடத்துக்கு 1,71,000 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் இருப்பதையும் எடுக்கலாம். அவ்வளவுதான். அதே நேரம், முதலாளி உங்கள் பெயரில் மாதாமாதம் சேமலாப நிதிக்குக் கட்டுகிற 12 சதவீதமும் நம்பிக்கை நிதியத்துக்குக் கட்டுகிற 3 சதவீதமும் நின்றுபோகும். உங்கள் சம்பளத்தில் அது மாதம் 5,700 ரூபா.

மெசின் வந்ததால் ஆள் வேண்டாம் என்று தொழிற்சாலையே உங்களை நிறுத்த நினைத்தால் கதை வேறு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஆணையாளர் அனுமதித்தால் நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் இரண்டரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு பதினாலாவது வருடம் வரை வருடம் இரண்டு மாதச் சம்பளம். உங்களுக்கு இருபதரை மாதம், அதாவது 7,79,000 ரூபா. பணிக்கொடை அதற்கு மேலதிகம். இதனால்தான் சொல்கிறேன், யாராவது ஒரு தாளை நீட்டி "சும்மா ஒரு கையெழுத்து" என்றால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். அதில் "சுயவிருப்பின் பேரில்" என்ற இரண்டு சொல் இருந்தால் இந்த நட்டஈடு முழுவதும் போய்விடும்.

ரோபோவைப் பற்றிய பயம் வீண் இல்லை, ஆனால் அளவுக்கு மிஞ்சியது. இரும்பைத் தூக்குகிற ரோபோ எப்போதோ வந்துவிட்டது. துணிக்கு எலும்பு இல்லை. தூக்கினால் தொங்கும், இழுத்தால் கோணும், ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு மாதிரி நழுவும். அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2007இல் தொடங்கிய சொப்ட்வெயார் ஒட்டோமேஷன் என்ற நிறுவனம் கமராவால் நூலிழையையே பார்த்துத் தைக்கிற ரோபோவோடு இத்தனை வருடமாகப் போராடுகிறது. அடிடாஸ் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் சப்பாத்து செய்ய ரோபோத் தொழிற்சாலைகள் கட்டிவிட்டு, 2019இல் மூடப்போவதாக அறிவித்தது. பொக்கற், கொலர், பட்டன் துளை என்று துண்டு துண்டான வேலைகள் மெசினுக்குப் போகும். முழு உடுப்பும் போக இன்னும் காலம் எடுக்கும். உங்கள் சம்பளத்துக்கு ரோபோவைவிடக் கிட்ட நிற்கிற ஆபத்து ஓடர் குறைவதுதான். 2025இல் அமெரிக்கா எங்கள் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்து, பிறகு 20க்கு இறக்கியதை உங்கள் லைனிலேயே கதைத்திருப்பீர்கள்.

அந்தப் பொக்கற் மெசினை இயக்கக் கேட்டு வாங்குங்கள். நாலு பேரில் மிஞ்சுகிற ஒருத்தி நீங்களாக இருக்க வேண்டும். நூல் அறுந்தால், சென்சர் மறித்தால் என்ன செய்வது என்று மெக்கானிக் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இப்போது ட்ரோன். இவருடைய யோசனை பிழையில்லை. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, மருந்தைச் சுவாசித்துக்கொண்டு சேற்றில் நடக்கிற வேலையை ஒரு மெசின் செய்தால் எனக்குச் சந்தோஷம். கடந்த காலபோகத்தில், அதாவது மாரி மழை நெற்செய்கையில், முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பொடியன் அடிப்பதை அரை நாள் வரம்பில் நின்று பார்த்தேன். டாங்கி நிறைய மருந்தோடு எழும்பினால் பத்து நிமிடத்துக்குள் பற்றரி இறங்கிவிடுகிறது. ஒருவர் மருந்து கலக்க, இன்னொருவர் ஜெனரேற்றரில் அடுத்த பற்றரியை ஏற்றுகிறார். பதினொரு மணிக்குக் காற்று எழும்பியதும் நிறுத்திவிட்டார்கள். பின்னேரம் மழை. கடைசியில் வயல்காரர் சொன்னது: "தம்பி, காசு வெட்டு முடியத் தாறன்."

அந்த ஒரு வசனத்தில்தான் உங்கள் கடன் சிக்கப்போகிறது. 33 இலட்சத்துக்கு 18 சதவீத வட்டி என்று வைத்தாலே மாதத் தவணை கிட்டத்தட்ட 97,000 ரூபா வரும். நாலு வருடத்தில் 46 இலட்சத்துக்கு மேல். வயல் பன்னிரண்டு மாதமும் மருந்து கேட்காது. காலபோகத்தில் மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்க வேண்டும். கோடை நெற்செய்கையான சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீருக்கு ஏற்றபடி கொஞ்சக் காணிதான் விதைப்பார்கள். வருடத்தில் 50 நாள், சிதறிக் கிடக்கிற வயல்களில் நாளுக்கு 20 ஏக்கர் என்று நான் போடுகிறேன். வரவு 15 இலட்சம். உதவியாள், பெற்றோல், வாகனம் என்று ஏக்கருக்கு 500 கழித்தால் 10 இலட்சம். தவணை மட்டும் வருடத்துக்கு 11,64,000. பற்றரி தேய்ந்தால் மாற்றுகிற காசு இதில் இல்லை, அது டொலரில் வருகிற சாமான். 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் போனதை மறக்க முடியுமா?

இன்னொன்று. அருவி வெட்டு என்கிற நெல் அறுவடைக்கு மெசின் வந்தபோது முதலில் வாங்கியவர் உழைத்தார், பின்னால் வந்தவர்கள் கூலியைக் குறைத்துப் போட்டிபோட்டார்கள். வெட்டுக்குப் போய்ச் சீவித்த பெண்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் நோகிறது.

இவர் வரும் காலபோகத்தில் ட்ரோன் வைத்திருக்கிற ஒருவரோடு கூலிக்கு நிற்கட்டும். எத்தனை நாள் அடித்தார்கள், எத்தனை ஏக்கர், யார் எப்போது காசு தந்தார்கள் என்று கொப்பியில் எழுதட்டும். ட்ரோனைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிய வேண்டும், அந்த அலுவலையும் பழகிக்கொள்ளலாம். கணக்கு சரிவந்தால் கமக்காரர் அமைப்பில் நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள், வேலை செய்யப்போகிற வயல்கள் அவர்களுடையதாகவே இருக்கும். தவணையை மாதாமாதம் கட்டாமல் போகத்துக்கு ஒருமுறை கட்டுகிற மாதிரி கேளுங்கள். மாட்டேன் என்கிற இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

கட்டின 50,000க்கு ரசீது இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக இந்தக் கிழமையே போய்த் திருப்பிக் கேளுங்கள். பாதிதான் தருவோம் என்றால் பாதியை வாங்குங்கள். ஒன்றும் தராவிட்டாலும் போகட்டும், அந்த 50,000ஐக் காப்பாற்ற 33 இலட்சம் கடன்பட வேண்டாம்.