பெட்டியைப் படிக்கும் முறை: புள்ளியியல் கேள்வி–பதில்

கேள்வி: ஒரே தேர்வை எழுதிய இரு பிரிவுகளில் பிரிவுக்கு 11 பேர்.

அ: 42, 48, 51, 55, 58, 61, 64, 66, 70, 73, 78
ஆ: 20, 54, 57, 60, 61, 63, 65, 66, 67, 69, 71

சராசரி அ-வுக்கு 60.5, ஆ-வுக்கு 59.4. அ பிரிவுதான் மேல் என்று எழுதினேன். பெட்டி வரைபடம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல் என்கிறார் ஆசிரியர். எப்படிப் போடுவது, அதில் எதைப் பார்ப்பது?

பதில்: ஆசிரியர் சரியான இடத்தில்தான் தடுத்திருக்கிறார். மதிப்பெண்களை ஏற்கெனவே ஏறுவரிசையில் கொடுத்துவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. 11 எண்களில் ஆறாவது எண்தான் இடைநிலை அளவு. அ-வுக்கு 61, ஆ-வுக்கு 63. அதற்குக் கீழே உள்ள ஐந்து எண்களின் நடு எண் முதல் கால்மானம், மேலே உள்ள ஐந்தின் நடு எண் மூன்றாம் கால்மானம். அ-வுக்கு 51, 70. ஆ-வுக்கு 57, 67. மூன்றாம் கால்மானத்திலிருந்து முதலாவதைக் கழித்தால் கால்மான வீச்சு: அ-வுக்கு 19, ஆ-வுக்கு 10. முதல் கால்மானத்திலிருந்து மூன்றாவது வரை பெட்டி, இடைநிலை அளவில் நடுக்கோடு.

அடுத்து எல்லை. கால்மான வீச்சை 1.5-ஆல் பெருக்கி, முதல் கால்மானத்திலிருந்து கழியுங்கள், மூன்றாவதோடு கூட்டுங்கள். புள்ளியியலாளர் ஜான் டூக்கி வகுத்த விதி இது. ஆ-வுக்கு 42, 82 என்று வரும். 20 அதற்கு வெளியே கிடப்பதால் தனிப்புள்ளி, அதாவது மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகிய மதிப்பு. பலர் தவறுவது இங்கேதான்: மீசையை, அதாவது பெட்டியின் இருபுறமும் நீளும் கோட்டை, 42 வரை இழுத்துவிடுகிறார்கள். எல்லைக்குள் உண்மையிலேயே இருக்கும் கடைசி எண் வரைதான் மீசை போகும். ஆகவே 54-இல் தொடங்கி 71-இல் முடிகிறது. அ-வின் எல்லை 22.5, 98.5. அங்கே தனிப்புள்ளியே இல்லை, மீசை 42 முதல் 78 வரை.

இரண்டு பெட்டிகளையும் ஒரே அளவுகோலில், ஒன்றின் கீழ் ஒன்றாக வரையுங்கள். 10 மதிப்பெண்ணுக்கு 1 செ.மீ. என்று கொண்டால் அ-வின் பெட்டி 5.1 செ.மீ. முதல் 7 செ.மீ. வரை, நடுக்கோடு 6.1-இல். இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் வைத்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

இப்போது படியுங்கள். நடுக்கோட்டில் ஆ 2 மதிப்பெண் முன்னால் இருக்கிறது. சராசரி சொன்னதற்கு நேர்மாறு. காரணம் அந்த 20. அதை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ஆ-வின் சராசரி 63.3. ஆனால் அதற்காக ஆ-வைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். 19-உம் 10-உம் விரிந்து கிடக்கும் பெட்டிகளுக்கு நடுவே 2 என்பது சிறிய இடைவெளி. சோதித்துப் பார்க்க வழி உண்டு: கால்மான வீச்சை 1.57-ஆல் பெருக்கி, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். அ-வுக்கு 61-க்கு இருபுறமும் 9, ஆ-வுக்கு 63-க்கு இருபுறமும் 4.7. அதாவது 52 முதல் 70 வரை, 58.3 முதல் 67.7 வரை; இரண்டு இடைவெளிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே இடைநிலை அளவில் வித்தியாசம் இருக்கிறது என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் எழுத வேண்டியது பரவலைப் பற்றி: ஆ பிரிவில் நடுப்பாதி மாணவர்கள் நெருக்கமாக நிற்கிறார்கள், அ-வில் ஏறக்குறைய இரு மடங்கு சிதறியிருக்கிறார்கள்.

அந்த 20-ஐ அழித்துவிடாதீர்கள். முதலில் விடைத்தாளைப் பாருங்கள். பதிவுப் பிழை என்றால் திருத்துங்கள், இல்லையென்றால் அது அங்கேயே இருக்கட்டும். மணி வடிவ இயல்நிலைப் பரவலிலேயே ஆயிரத்துக்கு ஏழு மதிப்புகள் இந்த எல்லைக்கு வெளியே விழும். தனிப்புள்ளி என்றாலே தவறு என்று பொருள் இல்லை.

கேள்வி: ஆ-வின் பெட்டியில் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் 6 அலகு, வலப்பக்கம் 4 அலகு. அப்படியானால் இடப்பக்கம்தான் அதிகம் பேரா?

பதில்: இல்லை. பெட்டியின் இரு பகுதிகளிலும் ஏறக்குறைய கால் பங்குதான். நீளம் ஆட்களின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை, அவர்கள் எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கிறார்கள் என்பதையே காட்டுகிறது. நீண்ட பகுதி என்றால் கலைந்து நிற்கிறார்கள், குறுகிய பகுதி என்றால் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பட்டை வரைபடம் பார்த்துப் பழகிய கண் இதில் ஏமாறும்.

கேள்வி: கையால் போட்டால் அ-வுக்கு 51, 70. மென்பொருளில் 53, 68 வருகிறது. எது தவறு?

பதில்: இரண்டும் சரி. நடு எண்ணான 61-ஐ இரு பாதிகளிலும் சேர்த்துக்கொண்டால் கீழ்ப்பாதியில் ஆறு எண்கள். 51, 55 இரண்டின் நடுவே 53. எக்ஸெலில் குவார்ட்டைல்.இன்க் 53 தரும், குவார்ட்டைல்.எக்ஸ்க் 51 தரும். ஆர் மென்பொருளின் பாக்ஸ்பிளாட் கட்டளையும் 53-தான் காட்டும். கால்மான வீச்சு 19-லிருந்து 15-ஆகக் குறைவதைக் கவனியுங்கள். சிறிய தரவில் இது பெரிய மாற்றம். ஒரு பெட்டியைக் கையாலும் மற்றதை மென்பொருளாலும் போட்டு ஒப்பிடாதீர்கள். எந்த முறை என்பதைப் படத்தின் கீழே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எந்தத் தரவுக்கும் இது போதுமா?

பதில்: போதாது. பாதிப் பேர் 30-ஐ ஒட்டியும் மீதிப் பேர் 80-ஐ ஒட்டியும் இருந்தால் பெட்டி அகலமாக நிற்கும், நடுவே யாருமே இல்லை என்பதைக் காட்டாது. ஐந்தே எண்கள் இருந்தால் பெட்டியே தேவையில்லை, புள்ளிகளை அப்படியே வைத்துவிடலாம். சந்தேகம் வந்தால் பெட்டியின் மேலேயே ஒவ்வொரு மதிப்பையும் சிறு புள்ளியாக வையுங்கள். 11 எண்களுக்கு இரண்டு நிமிட வேலை.