செவிலியர் கேள்வி-பதில்: என்க்ளெக்ஸா, இங்கிலாந்துத் தேர்வா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். அமெரிக்காவுக்கான செவிலியர் உரிமத் தேர்வான என்க்ளெக்ஸை எழுதுவதா, இங்கிலாந்துக்கான தேர்வை எழுதுவதா என்று குழப்பமாக இருக்கிறது. என் தோழிக்கு என்க்ளெக்ஸில் 85ஆவது கேள்வியோடு கணினி நின்றுவிட்டது. அது தோல்விதானா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: எது எளிது என்று பார்க்காமல், எந்தத் தேர்வு உங்களுக்கு எந்த நாட்டின் கதவைத் திறக்கும் என்று பார்த்து முடிவெடுங்கள். என்க்ளெக்ஸில் தேர்ச்சி பெற்றவுடன் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட முடியாது. செவிலியருக்கான குடியேற்ற விசா இ.பி.-3 பிரிவில் வருகிறது. இந்தியாவில் பிறந்தவர்கள் அதில் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டிய நிலை உள்ளது. கடன் வாங்கிப் படிக்க வரும் பெண்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதே தேர்வைக் கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015 முதலும், ஆஸ்திரேலியா 2020 முதலும் பயன்படுத்துவதால், அந்த நாடுகளும் உங்கள் எண்ணத்தில் இருந்தால் உழைப்பு வீணாகாது.

இங்கிலாந்துக்கு ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 'பி', எழுதுதலில் 'சி பிளஸ்' வேண்டும். சி.பி.டி. என்னும் கணினித் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். பத்து நிலையங்கள், அதாவது பத்துக் கட்டங்கள், கொண்ட ஓஸ்கி செய்முறைத் தேர்வை அங்கே சென்றுதான் எழுத வேண்டும். அதன் கட்டணமான 794 பவுண்டை வேலை தரும் மருத்துவமனை ஏற்குமா, இடையில் விலகினால் திருப்பிக் கேட்குமா என்பதை ஒப்பந்தத்தில் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

உங்கள் தோழி முடிவு வரும்வரை கலங்க வேண்டாம். 85 என்பது குறைந்தபட்ச எண்ணிக்கை, 150 அதிகபட்சம். தேர்ச்சி எல்லைக்கு மேலா, கீழா என்பது 95 சதவீத உறுதியுடன் தெரிந்ததும் கணினி நிறுத்திவிடும். ஆகவே 85இல் நின்றவர்களில் வென்றவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. தோற்றால் 45 நாள் கழித்து மீண்டும் எழுதலாம்.

என்க்ளெக்ஸில் நம்மவர்கள் சறுக்கும் இடம் பாடத்தில் இல்லை, முன்னுரிமையில் இருக்கிறது. பணி தொடங்கும்போது நான்கு நோயாளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: வலி மாத்திரை கேட்கும் அறுவை சிகிச்சை நோயாளி, சர்க்கரை அளவு 240 உள்ளவர், வீடு திரும்பக் காத்திருப்பவர், நாள்பட்ட நுரையீரல் நோயில் திடீரெனக் குழப்பமும் அரைத்தூக்கமுமாக இருப்பவர். முதலில் யாரைப் பார்ப்பீர்கள்? நான்காமவரைத்தான், ஏனெனில் புதிதாகத் தோன்றிய குழப்பம் இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதையோ ஆக்சிஜன் குறைவதையோ காட்டக்கூடும். நம் வார்டுகளில் உடனே டியூட்டி டாக்டரை அழைத்துப் பழகிய கை, தேர்விலும் 'மருத்துவரை அழை' என்ற விடையைத் தேடிப் போகிறது. தேர்வோ பெரும்பாலும் நீங்களே முதலில் நோயாளியைப் பரிசோதித்து என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது. தினமும் உங்கள் வார்டு நோயாளிகளையே இவ்வாறு வரிசைப்படுத்திப் பாருங்கள்.

கேள்வி: தேர்ச்சிக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்லும் முகவர் ஒருவர், இங்கிலாந்து வேலைக்காக இரண்டு லட்சம் ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார். தரலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டையும் தராதீர்கள். இங்கிலாந்தின் நடத்தை விதிகளின்படி, ஆள்சேர்ப்பு நிறுவனம் செவிலியரிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. இந்தியச் சட்டப்படியும் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்க முடியாது. இந்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைச் சரிபாருங்கள். சென்னையில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். சான்றிதழ் ஏற்கெனவே அவர் கையில் இருந்தால், எழுத்து மூலம் திருப்பிக் கேட்டு, தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.