படம் கொடுத்துப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடுமா?

ஆட்டிசம் உள்ள உங்கள் நான்கு வயது மகனுக்கு, வேண்டியதைத் தெரிவிக்கப் படங்களைக் கொடுத்துப் பழக்கினால் அவன் வாய் திறக்கவே முயலமாட்டான் என்று உறவினர்கள் தடுப்பதாகவும், தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் தொடங்குங்கள். தண்டையார்பேட்டையில் வசிக்கும் நான், இப்போது ஒன்பது வயதாகும் என் மகனோடு ஐந்து ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன்.

அந்த அச்சம் என் மாமியாருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. 2006-இல் மில்லர், லைட், ஷ்லோசர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் படம், சைகை போன்ற மாற்றுவழிகளைப் பழக்கிச் செய்யப்பட்ட பழைய ஆய்வுகளைத் திரட்டிச் சலித்தபோது, நம்பத்தக்கவையாக எஞ்சிய ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறைந்திருக்கவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவாவது கூடியிருந்தது. என் மகன் இன்று இருபது சொற்கள் போலச் சொல்கிறான். அவற்றில் பல, முதலில் அட்டையாக அவன் கையில் இருந்தவை.

நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். முதல் ஆறு மாதம் படத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்து "இது என்ன, இது என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். படம் நாம் காட்டுவதற்கானதன்று, குழந்தை நமக்குக் கொடுப்பதற்கானது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். 1985-இல் அமெரிக்காவின் டெலாவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் உருவாக்கிய பெக்ஸ் (PECS) என்னும் படப் பரிமாற்ற முறையின் அடிப்படையே இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். அதன் முதல் படிக்கு இரண்டு பெரியவர்கள் தேவை. எங்கள் வீட்டில் நான் முறுக்குத் துண்டோடு எதிரே உட்காருவேன். அவன் முறுக்கை எட்டும்போது, பின்னால் இருக்கும் நாத்தனார் வாய் திறவாமல் அவன் கையைப் பிடித்து அட்டையை எடுக்கச் செய்து என் உள்ளங்கையில் வைக்கச் செய்வார். அந்த நொடியே நான் "முறுக்கு" என்று சொல்லி முறுக்கை அவனிடம் கொடுத்துவிடுவேன். "என்ன வேண்டும்" என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டுப் பழக்கினால் கேட்டால்தான் கொடுப்பான். பிடித்த கையை நாளுக்கு நாள் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். எங்களுக்குப் பதினேழு நாள் ஆயிற்று.

இணையத்தில் கிடைத்த கண்ணாடிக் குவளைப் படம் அவனுக்குத் தண்ணீராகத் தெரியவில்லை. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரையே கைபேசியில் படமெடுத்து, வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கொடுத்தபோது உடனே புரிந்துகொண்டான். புகைப்படமும் புரியாத குழந்தைக்கு, பொருளையே கொடுத்துத் தொடங்கலாம். செலவு அதிகமில்லை. பின்னாளில் கைபேசிச் செயலிக்கு மாற விரும்பினால், சென்னையிலேயே உருவான ஆவாஸ் தமிழிலும் பேசும். இருந்தாலும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரின் கண் இதன்மேல் இருப்பது நல்லது.

"வேண்டாம்" அட்டையைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலோர் தின்பண்டங்களோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். என் மகன் காலையில் காரணம் தெரியாமல் அலறித் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். பசி என்றும், பிடிவாதம் என்றும், அக்கம்பக்கத்தார் கண்ணேறு என்றும் சொன்னார்கள். "வேண்டாம்" அட்டை பழகிய மூன்றாம் வாரத்தில் ஒருநாள், நான் சட்னிக்குத் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் அடுக்களைக்கு வந்து அந்த அட்டையை மிக்சியின் மூடிமேல் வைத்துவிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றான். அன்று அம்மியில் அரைத்தேன். இப்போது மிக்சியைப் போடுமுன் அதன் படத்தை அவனிடம் நீட்டுகிறேன். அவன் அதை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறான், சத்தம் நின்றதும் திரும்ப வந்து என் கையில் கொடுக்கிறான்.