லாங்-லைஃப் ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டுச் சாதாரண ஃபில்டர் போடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் சான் ஹோசேவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. 1,22,000 மைல் ஓடிய 2006 ஃபோர்டு ஃபோகஸ் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஆயில் மாற்றப் போன இடத்தில், "ஏர் ஃபில்டர் அழுக்காகிவிட்டது, இது லாங்-லைஃப் வகை, பெட்டியோடு மாற்ற வேண்டும், 380 டாலர்" என்றிருக்கிறார்கள். உங்களோடு வேலை பார்ப்பவரோ, "பழைய மாடலின் பெட்டியை வாங்கி மாட்டினால் 20 டாலர் காகித ஃபில்டரே போதும், சனிக்கிழமை வாருங்கள், நானே மாட்டித் தருகிறேன்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம்.

முதலில் அந்த 380 டாலர். உங்கள் காரில் ஃபில்டரும் பெட்டியும் சேர்ந்து ஒரே உருப்படி. திறந்து பார்க்கிற மாதிரி அமைப்பே இல்லை. அப்படியிருக்க, உள்ளே அழுக்கு என்று எதைப் பார்த்துச் சொன்னார்கள்? இதை அவர்களிடமே கேளுங்கள். இந்த வகை ஃபில்டர் 1,50,000 மைல் தாங்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. சாதாரணக் காகித ஃபில்டரில் தூசி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் படியும்; அதனால்தான் 15,000 முதல் 30,000 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். லாங்-லைஃப் வகையில் தடிமனான நுரை அடுக்கடுக்காக இருக்கும். பெரிய தூசி முன்னடுக்கில் நிற்கும், நுண்ணிய தூசி உள்ளே போய்த் தங்கும். முழு ஆழமும் தூசியை வாங்கிக்கொள்வதால்தான் அத்தனை மைல் தாங்குகிறது. வெளிப்பக்கம் கறுத்துப்போயிருக்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும்.

சில கார்களில் பெட்டியின் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு காட்டி இருக்கும். காற்றை இழுக்க எஞ்சின் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை அது காட்டும். உங்கள் காரில் இருந்தால் அது சிவப்பைத் தொட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், நெடுஞ்சாலை ஏற்றத்தில் முழுக்க மிதித்தாலும் வண்டி திணறுகிறதா என்று பாருங்கள். "ஃபில்டர் அழுக்கானால் பெட்ரோல் அதிகம் குடிக்கும்" என்று உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது உண்மை. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஃபியூயல் இஞ்செக்‌ஷன் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியும் எரிபொருள் செலவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வேகமெடுப்பதில்தான் 6 முதல் 11 சதவீதம் வரை வித்தியாசம் தெரிந்தது. உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலைத்தான் கம்ப்யூட்டர் விடுகிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும்.

(இடையில் ஒன்று. இங்கே "மைலேஜ் என்ன?" என்று மெக்கானிக் கேட்டால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லத் தொடங்காதீர்கள். மொத்தம் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்றுதான் கேட்கிறார். நான் அப்படி ஒருவரை ஐந்து நிமிடம் குழப்பியிருக்கிறேன். பானட்டையும் ஹூட் என்று சொல்லுங்கள்.)

இனி நண்பரின் யோசனை. இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். ஹூட்டைத் திறந்தால் அடிப்பக்கத்திலோ ரேடியேட்டருக்கு மேலேயோ புகை விவரம் அச்சிட்ட லேபிள் ஒட்டியிருக்கும். அதில் பிஇசட்இவி (PZEV) அல்லது எஸ்யூலெவ் (SULEV) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா? இரண்டுமே புகை மிகக் குறைவாக வரும் கார்களுக்கான வகைப் பெயர்கள். கலிஃபோர்னியாவில் விற்ற ஃபோகஸ்களில் பல அந்த வகை. பிஇசட்இவி என்றால் சைலன்சர் வழியாக வரும் புகை மிகக் குறைவாக இருந்தால் மட்டும் போதாது, வண்டி சும்மா நிற்கும்போதும் பெட்ரோல் ஆவி வெளியே கசியக் கூடாது. எஞ்சினை அணைத்த பிறகு உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி வெளியேற எளிய வழி, காற்று உள்ளே வந்த அதே வழிதான். அதை மறிக்கத்தான் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கரி வைக்கிறார்கள். இரவு முழுக்க ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் வண்டியைக் கிளப்பினதும் உள்ளே போகும் காற்று அந்த ஆவியையும் இழுத்துக்கொண்டு போய் எஞ்சினில் எரித்துவிடும். இந்த வகைக் கார்களின் புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு 15 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வாரண்டி தரவேண்டும் என்பது விதி. ஃபில்டருக்குச் சொல்லும் அதே மைல் கணக்கு. உங்கள் காருக்கு ஆண்டுக் கணக்கில் அது எப்போதோ முடிந்துவிட்டது.

ஆக, நண்பர் கழற்றச் சொல்வது வெறும் பிளாஸ்டிக் டப்பா இல்லை, புகைக்கட்டுப்பாட்டுப் பாகம். அதை எடுத்துவிட்டு வேறு பெட்டி மாட்டுவது கூட்டரசின் தூய காற்றுச் சட்டப்படியும் தவறு, கலிஃபோர்னியா வாகனச் சட்டப்படியும் தவறு. சட்டத்தை விடுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஸ்மாக் செக்கை, அதாவது பதிவைப் புதுப்பிக்கத் தேவையான புகைப் பரிசோதனையை நினையுங்கள். 2000-க்குப் பிந்தைய கார்களுக்குக் கம்ப்யூட்டரில் வயரைச் சொருகிப் பார்ப்பதோடு முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹூட்டைத் திறந்து கண்ணாலும் பார்ப்பார்கள். லேபிள் ஒன்று சொல்ல, உள்ளே இருப்பது வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

இதை அனுபவித்தவன் சொல்கிறேன். பதினெட்டு வருடம் முன்னால் நான் வாங்கிய முதல் பழைய காரில், எனக்கு முன் வைத்திருந்தவர் இதே வேலையைச் செய்துவைத்திருந்தார். வாங்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கையில் நல்ல ஸ்மாக் சான்றிதழும் கொடுத்திருந்தார், எப்படி வாங்கினாரோ. இரண்டு வருடம் கழித்து ஸ்மாக் செக் போனபோது, பார்த்தவர் விளக்கடித்து இரண்டு நிமிடம் குனிந்து நின்றார், நிமிர்ந்து தலையை ஆட்டினார். ஃபெயில். புதிய பெட்டியின் விலை அப்போது எனக்குப் பாதி மாத வாடகை. நாமே கழற்றிக்கொள்ளும் பழைய கார் யார்டுகளில் மூன்று சனிக்கிழமை அலைந்தேன். ஆகஸ்ட் வெயில், கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், அவ்வளவுதான். கிடைத்த முதல் பெட்டிக்குள் எலி கூடு கட்டி ஓக் மரக் கொட்டைகளை நிரப்பி வைத்திருந்தது. இரண்டாவது கிடைத்தபோது பதிவைப் புதுப்பிக்கும் நாள் தாண்டி அபராதமும் சேர்ந்திருந்தது. உங்கள் காரை நாளைக்கு விற்கும்போது ஸ்மாக் சான்றிதழ் தரவேண்டியது நீங்கள்தான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சரி, லேபிளில் அந்த எழுத்துகள் இல்லை, பெட்டிக்குள் கரியும் கிடையாது என்றால்? அப்போது மாற்றுவதில் பெரிய தப்பில்லை. ஆனால் காற்று அளக்கும் சென்சார் உட்காரும் இடம் பழைய பெட்டியில் இருந்த அதே அளவில், அதே திசையில் இருக்க வேண்டும். குழாயின் விட்டம் கொஞ்சம் மாறினாலும் சென்சார் தப்பாக அளக்கும். சென்சாருக்குப் பின்னால் எங்காவது விரிசலோ தளர்ந்த கிளாம்ப்போ இருந்தால் அளக்காத காற்று உள்ளே போய், சில நாளில் பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்ற பிழைக் குறியோடு செக் எஞ்சின் விளக்கு எரியும். ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சுற்றிலும் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அழுக்கான ஃபில்டரைவிட இடைவெளி விட்டு அமர்ந்த புது ஃபில்டர்தான் எஞ்சினைத் தின்னும். அந்த வழியாகப் போகும் மணல் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும். எண்ணெய் தடவித் திரும்பத் திரும்பக் கழுவும் பருத்தித்துணி ஃபில்டரை யாராவது சிபாரிசு செய்தால் நான் வேண்டாம் என்பேன். எண்ணெய் அதிகமாகிவிட்டால் சென்சார் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் காகிதமே போதும். அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டாம், திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசி உள்ளே விழும்.

பிஇசட்இவி என்று இருந்து, நிஜமாகவே ஃபில்டர் அடைத்திருந்தால், அதே மாடலுக்கு உரிய அதே பெட்டியைத்தான் போட வேண்டும். செலவுதான், ஆனால் ஒரு தடவைச் செலவு. வேறு பணிமனையிலும் விலை கேளுங்கள். இங்கே வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தரவேண்டியது அவர்கள் கடமை, அதற்குமேல் ஆகும் என்றால் உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அதுவும் உங்கள் உரிமை. அதைக் கேட்டதும் சில சமயம் "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் சார்" என்று பேச்சு மாறும்.

நண்பரிடம் முறைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார், வேறு மாநிலத்திலிருந்து வந்தவராக இருந்தால் இந்த ஸ்மாக் தலைவலியே அவருக்குத் தெரிந்திருக்காது. சனிக்கிழமை அவரையே கூப்பிட்டு ஹூட்டைத் திறந்து லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பாக எண்ணும் படத்தில் தெரியட்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.