ஜூலை மாதத்தை நினைத்து சைக்கிள் வாங்குங்கள்

கேள்வி: அண்ணே, வணக்கம். வீடு ரங்கூன் தாக்கேட்டாவில். பொட்டாத்தாங்கில் ஒரு அரிசிக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காத்து நின்றே காலை நேரம் போய்விடுகிறது, அதனால் சைக்கிள் வாங்கலாம் என்று இருக்கிறேன். வேலைக்குப் போய்வர, சாயங்காலம் சந்தையில் காய்கறி வாங்கிவர, ஐந்து வயது மகளைப் பள்ளிக்கூடத்தில் விட, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக, எல்லாவற்றுக்கும் ஒரே சைக்கிள்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் போர்க்கும் 21 கியரும் உள்ள மலைச் சைக்கிளை வாங்கச் சொல்கிறான் தம்பி. வீட்டுக்காரர் பழைய ஜப்பான் சைக்கிள் போதும் என்கிறார். நான் ஐந்தடி உயரம். எதை வாங்கட்டும்?
— வாசகி, தாக்கேட்டா

பதில்: தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொல்லும் சைக்கிளை நானும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கி ஓட்டியவன்தான்.

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோதான் கடைக்குப் போகிறார்கள். வெயில் தணிந்து ரோடு காய்ந்திருக்கும், எந்த சைக்கிளில் ஏறினாலும் சுகமாக ஓடும். ரங்கூனில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு மே பாதியிலிருந்து அக்டோபர் பாதிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வருஷத்தில் ஐந்து மாதம் நீங்கள் தண்ணீரில்தான் வேலைக்குப் போகப் போகிறீர்கள். அதனால் கடையில் நிற்கும்போதே ஜூலை மாதத்துக் காலைப்பொழுதை மனதில் வைத்துக்கொண்டு சைக்கிளைப் பாருங்கள்.

என் அப்பா தாமுவேயில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் எனக்கு வேலை, பஞ்சர் ஒட்டிப் பழகியது அங்கேதான். அப்படிப்பட்ட நான், வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பளபளப்பில் மயங்கி ஒரு மலைச் சைக்கிள் வாங்கினேன். குரோமியம் பூசிய இரும்பு ரிம், அதைப் பிடிக்க ரப்பர் கட்டை பிரேக். நல்ல மழையில் ஒரு நாள் மகாபந்துலா பாலத்தின் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன சைக்கா ஒன்று, அதாவது பக்கத்தில் ஆள் ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள் வண்டி, சட்டென்று நின்றது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தும் சைக்கிள் வழுக்கிக்கொண்டே போனது. இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை அதன்மேல் சோப்புக்கட்டி போலச் சறுக்கும். சக்கரம் சில சுற்று சுற்றித் தண்ணீர் வழிந்த பிறகுதான் பிடிப்பு வரும், அதற்குள் நான் சைக்காவின் பின்னால் மோதிவிட்டேன். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சைக்காவில் இருந்த பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில்தான் எனக்கு நிம்மதி.

நீங்கள் தினமும் தாண்ட வேண்டியதும் அதே பாலம்தான். அதனால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். பழைய ஜப்பான் சைக்கிள்களில் பின்சக்கரத்தின் நடுவில், ஹப்போடு ஒட்டி ஒரு உருண்டை டப்பா இருக்கும். பின்பிரேக் அதற்குள்தான் வேலை செய்கிறது, ரிம் நனைந்தாலும் அதற்குக் கவலை இல்லை. சிலது பிடிக்கும்போது கிறீச்சென்று கத்தும். கத்தினாலும் சக்கரத்தை நிறுத்தும். முன்பிரேக் பெரும்பாலும் ரப்பர் கட்டைதான், அதனால் முன் ரிம் அலுமினியமாக இருப்பது நல்லது. ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய் ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, அடுத்த சைக்கிளுக்கு நகருங்கள்.

21 கியர் உங்களுக்கு எதற்கு? உங்கள் வழியில் மேடு என்று இருப்பது அந்தப் பாலம் ஒன்றுதான். வெளியே தொங்கும் கியரில் மழைக்காலச் சேறும் மணலும் போய் அடைத்துக்கொள்ளும், இரண்டு மாதத்தில் செயின் நழுவ ஆரம்பித்துவிடும். ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் வைத்த ஜப்பான் சைக்கிள் கிடைத்தால் எடுங்கள். அதில் முதல் கியர், நடு கியரைவிடக் கால்வாசிக்கும் சற்று மேலே லேசாக இருக்கும். காய்கறிப் பையோடு பாலம் ஏற அது போதும். இன்னொரு சௌகரியம், சைக்கிள் நின்றிருக்கும்போதே கியர் மாற்றலாம். பாலத்தடியில் நெரிசலில் நிற்கும்போது மாற்றிக்கொண்டு ஏறிவிடலாம். மூன்று கியர் கிடைக்காவிட்டால் கியரே இல்லாததை எடுங்கள், குறையில்லை. விலை குறைந்த சைக்கிளில் வரும் ஸ்பிரிங் போர்க் கனம் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஒரு மழைக்காலம் போனால் துருப்பிடித்து அசையாமல் நிற்கும்.

உங்களுக்குத் தாழ்ந்த கம்பி வைத்த சைக்கிள்தான் வேண்டும். லோஞ்சி கட்டிக்கொண்டு, பின்னால் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு, காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. செயின் கவர் முழுசாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்தடி உயரத்துக்கு 26 அங்குலச் சக்கரத்தில் சீட்டை நன்றாக இறக்கிப் பாருங்கள், கால் எட்டவில்லையென்றால் 24 அங்குலம் எடுங்கள். சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் மடங்காமல் நேராக நின்றால் அளவு சரி. அதே சமயம் இரண்டு கால் விரல்களும் தரையைத் தொட வேண்டும். பின்னால் குழந்தை இருக்கிறதல்லவா, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குழந்தை என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது அப்பாவின் கடைக்கு ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் கேரியரில் இருந்த பையனின் பாதம் ஸ்போக்ஸுக்குள் போய் மாட்டியிருந்தது. அப்பா ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக வெட்டித்தான் காலை எடுத்தார். பையன் அழக்கூட இல்லை, அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து பிள்ளை ஏறும் சைக்கிள் எது வந்தாலும், பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலை கட்டாமல் அப்பா அனுப்பமாட்டார். நீங்களும் முதல் நாளே கட்டிவிடுங்கள். கேரியரையும் பாருங்கள். ஜப்பான் கேரியரில் 18, 27 என்று எண் பொறித்திருக்கும். அத்தனை கிலோ தாங்கும் என்று அர்த்தம். பிள்ளைக்கான சீட் பொருத்த 27 உள்ளதுதான் சரி. அதில் பிள்ளை இருக்கும்போது காய்கறிப் பையை முன்கூடையில் வையுங்கள், கேரியரில் தொங்கவிடாதீர்கள்.

சரி, பழைய சைக்கிளைக் கடையில் எப்படிச் சோதிப்பது? முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ரிம் வளைந்திருந்தால் அந்த இடைவெளி கூடும் குறையும். பெடல் தண்டை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், டக் டக் என்று ஆடினால் உள்ளே குண்டும் கப்பும் தேய்ந்திருக்கின்றன. பிறகு சைக்கிளைச் சாய்த்து, பெடல் அச்சுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மேலே புதுப் பெயின்ட் அடித்து மறைக்கிறவர்கள் அந்த இடத்தை மறந்துவிடுவார்கள். துரு பொரபொரவென்று உதிர்ந்தால் வேண்டாம். கம்பியில் ஜப்பான் எழுத்தோடு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள். திருட்டுக்குப் பயந்து அந்த நாட்டில் சைக்கிளைப் பதிவு செய்து ஒட்டுவது அது. நிஜமாகவே ஜப்பானிலிருந்து வந்த வண்டி என்பதற்கு நல்ல அடையாளம்.

விளக்கையும் பாருங்கள். கரண்ட் இல்லாத சாயங்காலத்தில்தானே நீங்கள் திரும்புவீர்கள். டயரில் உரசி ஓடும் டைனமோ மழையில் வழுக்கும், வெளிச்சம் விட்டு விட்டு வரும். முன் ஹப்புக்குள்ளேயே டைனமோ இருப்பதை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஹப் தடித்திருக்கும், அதிலிருந்து ஒரு வயர் விளக்குக்குப் போகும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். டயர், ட்யூப், பிரேக் கட்டைக்கு என்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பழைய சைக்கிளில் இவை மூன்றையும் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

கடைசியாக ரோட்டைப் பற்றி ஒன்று. நம் நாட்டில் 1970-லிருந்து வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஆனால் ஓடும் கார்களில் நிறைய ஜப்பான் கார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். ரோட்டோரம் நிற்கும் அப்படிப்பட்ட காரில் ஓட்டுநர் நடைபாதைப் பக்கம் இறங்குவார். நீங்கள் போகும் பக்கம் சட்டென்று திறப்பது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கதவு. ஓட்டுநர் இறங்கிவிட்டார், இனி பயமில்லை என்று ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு கதவின் அகலம் தள்ளியே போங்கள்.

கேள்வி: 26 அங்குல டயர் என்று கேட்டுத்தான் வாங்கினேன். ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. டயர் மோசமா, மாட்டத் தெரியாத என் கை மோசமா?
— வாசகர், பெகு

பதில்: இரண்டும் இல்லை தம்பி. 26 அங்குலம் என்ற பெயரில் வேறு வேறு அளவுகள் இருக்கின்றன. ஜப்பான் சைக்கிளுக்கு வருவது 26 × 1 3/8, மலைச் சைக்கிளுக்கு வருவது 26 × 1.75, 26 × 1.95 என்று புள்ளி வைத்து எழுதியது. ஒன்றை எடுத்து இன்னொன்றின்மேல் வைத்தால் சுற்றிலும் ஒரு விரலகலம் வித்தியாசம் தெரியும். என் அப்பா வாயால் விளக்கமாட்டார், இரண்டு டயரையும் அப்படித் தரையில் போட்டுக் காட்டுவார். கடையில் அங்குலத்தைச் சொல்லாதீர்கள். பழைய டயரின் பக்கத்தில் 37-590, 47-559 என்கிற மாதிரி எண் இருக்கும். கோட்டுக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்க எண் ஒன்றாக இருந்தால்தான் ரிம்மில் உட்காரும். முன்னால் உள்ளது டயரின் பருமன், அது கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். கையில் இருக்கும் டயரை இழுத்துப் பிடித்து ஏற்றப் பார்க்க வேண்டாம், ரிம்தான் வளையும். அழுக்குப்படாமல் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றித்தரக் கேளுங்கள்.

கேள்வி: செயினை எப்போது மாற்ற வேண்டும்? எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால் போதாதா?
— வாசகர், மோல்மின்

பதில்: எண்ணெய் விட்டாலும் செயின் தேயும், தேயத் தேய நீளும். அங்குலம் குறித்த ஸ்கேல் ஒன்றைச் செயினோடு சேர்த்துப் பிடியுங்கள். பூஜ்யத்தை ஒரு ஆணியின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து 24-வது ஆணியின் நடு புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது ஒரு அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு தாண்டிவிட்டால் செயினை மாற்றுங்கள். 8-ல் ஒரு பங்கு தாண்டும்வரை விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், இரண்டுக்கும் செலவு. எண்ணெய் விடும்போது முதலில் பழைய துணியால் செயினைத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு விட்டுப் பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு, வெளியே வழிவதை மறுபடி துடைத்துவிடுங்கள். மழையில் நனைந்து வீடு வந்த அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் காலையில் பார்க்கும்போது செயின் துருவேறிச் சிவந்திருக்கும்.